மாதரும் மேஸ்திரி ஆகலாம்

நமது கிராமங்களில் வீடு கட்டும் இடங்களை அனைவரும் பார்த்திருக்கிறோம். சுவர் எழுப்புகிறவரைக் கொத்தனார் என்கிறோம். வேலை முழுவதையும் நடத்துகிறவரை மேஸ்திரி என்கிறோம். கல்லும் கலவையும் சுமந்து கொடுக்கும் பெண்ணைச் சித்தாள் என்கிறோம். பத்து ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைச் சந்தித்தால் என்ன காண்போம்? அன்று சித்தாளாகச் சேர்ந்த பையன் கரணை பிடித்துக் கொத்தனாராகியிருப்பான். அன்று கொத்தனாராக இருந்தவர் மேஸ்திரியாகியிருப்பார். அந்தப் பெண் மட்டும் இன்றும் சித்தாளாகவே இருப்பாள். அவளுக்கு அறிவு குறைவு என்பதனாலன்று; அவளுக்கு அடுத்த படி எது என்பதை எவரும் காட்டவில்லை என்பதனாலேயே.

மேஸ்திரி என்பது போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த சொல். ஆசான் எனப் பொருள்படும் பழைய லத்தீன் சொல் ஒன்று அதன் மூலம். ஜெர்மானியர் தொழிலில் தேர்ந்தவரை மைஸ்டர் என்று அழைப்பர். அச்சொல்லுக்கும் மூலம் அதுவே. சொல் ஒன்றாயினும் நடைமுறையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம்மிடையே மேஸ்திரி என்பது பழக்கத்தால் வருவது. ஜெர்மனியில் அது தேர்வெழுதி, கைவேலை செய்து காட்டி, பட்டயமாகப் பெறும் ஒரு தகுதி. அந்தத் தகுதியை அங்கே பெண்கள் எவ்வாறு அடைந்தனர், ஆம்பூர், வேலூர் வட்டாரத்துத் தோல் தொழிலில் உழைக்கும் நம் பெண்களுக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்து கொள்வது நலம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

ஜெர்மனியில் மூன்று படிகள்

அந்நாட்டில் கைத்தொழில் கற்பவர் முதலில் பயிலுநராகச் சேர்கிறார். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் பட்டறையில் வேலை. ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளியில் பாடம். இது பொதுவாக மூன்று ஆண்டுகளோ, அதற்குச் சற்று மேலோ நடைபெறும். முடிவில் ஒரு தேர்வு உண்டு. அதில் தேறியவர் தேர்ந்த தொழிலாளி ஆகிறார். இவ்விரண்டு படிகளையும் கடந்தபின் விரும்புகிறவர் மைஸ்டர் தேர்வுக்குச் செல்லலாம்.

மைஸ்டர் தேர்வில் நான்கு பகுதிகள் உள்ளன. முதலாவது, கைவேலை. இரண்டாவது, தொழிலின் அடிப்படை அறிவு. அதாவது இந்தப் பொருள் ஏன் இப்படி நடந்து கொள்கிறது, இந்தக் கருவி ஏன் இப்படி அமைந்தது என்ற விளக்கம். மூன்றாவது, கணக்கும் வியாபாரமும் சட்டமும். நான்காவது, பிறருக்குக் கற்பிக்கும் முறை. நான்காவது பகுதியை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். தான் செய்யத் தெரிந்தால் மட்டும் ஒருவர் ஆசான் ஆகிவிடுவதில்லை. அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவரே ஆசான் என்பது அவர்கள் கொள்கை.

இந்தப் பட்டயத்துக்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு. மைஸ்டர் தகுதி உடையவரே பயிலுநரைப் பழக்கலாம் என்று 1908-ஆம் ஆண்டிலேயே விதி செய்தனர். 1953-ஆம் ஆண்டின் கைத்தொழில் சட்டம் முறையை ஒழுங்குபடுத்தியது. 2004-ஆம் ஆண்டில் பல தொழில்களுக்கு இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினர். 2020-ஆம் ஆண்டில் அவற்றுள் 12 தொழில்களுக்கு மீண்டும் கட்டாயமாக்கினர். சாதாரணக் காலணி செய்யும் தொழிலில் 2004-க்குப் பிறகு பட்டயம் கட்டாயமில்லை, விரும்பினால் பெறலாம். ஆனால் ஊனமுற்ற பாதங்களுக்கும் நோயுற்ற பாதங்களுக்கும் ஏற்ற காலணி செய்யும் தொழிலில் அது கட்டாயமாகவே இருந்து வருகிறது. அந்நாட்டின் தகுதி வரிசையில் எட்டுப் படிகள் உள்ளன. மைஸ்டர் பட்டயம் ஆறாவது படி. பல்கலைக்கழக இளநிலைப் பட்டமும் அதே ஆறாவது படி. கையால் உழைத்துத் தேர்ந்தவரையும் ஏட்டால் படித்துத் தேர்ந்தவரையும் ஒரே பந்தியில் அமர்த்தியிருக்கிறார்கள் என்பது இதன் பொருள்.

அங்கும் கதவு தானாகத் திறக்கவில்லை

ஜெர்மனி முன்னேறிய நாடு, ஆகவே அங்கே பெண்களுக்கு எல்லாம் எளிதில் கிடைத்திருக்கும் என்று எண்ணுதல் கூடாது. கொலோன் என்னும் நகரில் 1397-ஆம் ஆண்டில் நூல் செய்யும் பெண்களுக்கும், 1437-ஆம் ஆண்டில் பட்டுத் தொழில் செய்யும் பெண்களுக்கும் தனித் தொழிற்சங்கங்கள் இருந்தன. அங்கே பெண்ணே ஆசான். அவளிடம் கற்றவரும் பெண்களே. பிற்காலத்தில் ஆண்களின் சங்கங்கள் வலுத்தபோது பெண்கள் படிப்படியாக விலக்கப்பட்டனர். ஆசானின் மனைவி ஆயுள் முழுவதும் பட்டறையில் உழைத்தாலும் அவள் பெயர் ஏட்டில் இராது. கணவன் இறந்தால் விதவை என்ற முறையில் சில காலம் பட்டறையை நடத்த அனுமதி உண்டு; அவ்வளவே.

நம் காலத்திலும் இந்தத் தடை முழுவதும் நீங்கிவிடவில்லை. மேற்கு ஜெர்மனியில் கட்டிட வேலையின் முக்கியப் பிரிவுகளில் பெண்களைச் சேர்க்கலாகாது என்ற பழைய விதி 1994-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. இன்றும் சிகை அலங்காரம், தையல் போன்றவற்றில் பெண் மைஸ்டர்கள் மிகுதி. மின்சார வேலையிலும் கட்டிட வேலையிலும் குறைவு. ஆகவே, பெண்ணின் கை சில தொழில்களுக்கு இயற்கையாகவே ஏற்றதன்று என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. விதி அடைத்த இடத்தில் குறைந்தார்கள். விதி திறந்த இடத்தில் நுழைந்தார்கள். திறந்த பிறகும் உதவி தேவைப்படுகிறது என்பதை அந்நாட்டார் உணர்ந்துள்ளனர். மைஸ்டர் வகுப்பில் சேருவோருக்கு அரசின் பண உதவி உண்டு. தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய் அல்லது தந்தைக்குக் குழந்தைப் பராமரிப்புக்கென்று தனித் தொகையும் சேர்த்துத் தரப்படுகிறது.

நமது தோல் வட்டாரம்

இனி நம் ஊருக்கு வருவோம். பாலாற்றங்கரையில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் நம் முதியோருக்கு நினைவிருக்கும். 1970-களில் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப் பதத் தோலின் ஏற்றுமதியையும் படிப்படியாகக் கட்டுப்படுத்தியது. தோலாக விற்பதைவிடப் பொருளாக விற்பதே நாட்டுக்கு லாபம் என்பது கொள்கை. அதன்பின் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் காலணி ஆலைகள் பெருகின. 2019-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் இவ்வூர்கள் இன்று வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்று மாவட்டங்களில் இருக்கின்றன, தொழில் ஒன்றே. இங்கே செய்யப்படும் காலணிகள் ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்கின்றன.

பதனிடும் சாலையில் ஆண்கள் மிகுதி. காலணி ஆலையிலோ பெண்களே மிகுதி. விடியற்காலையில் கிராமந்தோறும் வரும் வேனிலும் பஸ்ஸிலும் ஏறிச் செல்கிறவர்கள் விவசாயக் குடும்பத்துப் பெண்களே. பாலாற்றுப் படுகையின் கிணறுகளும் நிலங்களும் தோல் கழிவினால் கெட்ட வரலாற்றை உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துரைத்தது. நிலம் தராத வருமானத்தைப் பல வீடுகளில் மகளின் ஆலைக் கூலி தருகிறது. ஆகவே அவளுடைய தொழில் நிலை உயர்வதும் தாழ்வதும் விவசாயியின் வீட்டுக் கணக்கே ஆகும்.

அவள் செய்யும் வேலை எளிதானதா? துணியில் தையல் தவறினால் பிரித்து மீண்டும் தைக்கலாம். தோலில் ஊசி பட்ட துளை மறையாது. ஒரு தவறு, ஒரு துண்டு தோல் வீண். முதுகுப் பகுதித் தோல் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். எந்தத் துண்டு எந்த இடத்துக்கு ஏற்றது, வலக்கால், இடக்கால் இரண்டுக்கும் நிறமும் வரியும் ஒத்திருக்கின்றனவா என்று கண்ணாலும் விரலாலும் அறிய வேண்டும். மடித்துத் தைக்கும் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்குவதை ஸ்கைவிங் என்பர். அதிகம் சீவினால் கிழியும். குறைவாகச் சீவினால் தடித்துக் காலைக் கடிக்கும். இவ்வளவும் தெரிந்தவள் தொழில் ஆசானா, உதவியாளா?

சென்ற ஆண்டு கிராம சபைக் கூட்டம் ஒன்று முடிந்தபின் ஓர் அம்மையாரிடம் பேசிக் கொண்டிருந்தோம். காலணியின் மேல்பாகம் தைக்கும் மிஷினில் 17 ஆண்டுகள் வேலை செய்தவர்.

"புதிதாக வரும் பெண்களுக்கு யார் அம்மா கற்றுக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டோம்.

"நான்தான் ஐயா. எங்கள் வரிசையில் பாதிப் பேர் என்னிடம் பழகியவர்கள்."

"அதற்கு ஏதாவது சான்றிதழ் தந்திருக்கிறார்களா?"

அவர் சிரித்தார். "ஆதார் அட்டை இருக்கிறது ஐயா" என்றார்.

அருகிலிருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் தொடர்ந்து சொன்னது சிரிப்பதற்குரியதாக இல்லை. முன்பு வேலை செய்த இடத்தில் ஆர்டர் குறைந்து அவருடைய வரிசையை நிறுத்திவிட்டார்கள். வேறிடம் சென்றபோது, "முன் வேலைக்குச் சான்று என்ன?" என்று கேட்டார்கள். காட்ட ஒன்றுமில்லை. புதியவருக்குரிய கூலியிலேயே மீண்டும் தொடங்கினார். அவரிடம் பழகிய ஓர் இளைஞர் அதே இடத்தில் சூப்பர்வைசராக இருந்தார். 17 ஆண்டு உழைப்பு ஒரே நாளில் பூஜ்யமாயிற்று. நிலத்துக்குப் பட்டா இல்லாதவன் படும் பாட்டை விவசாயிகள் அறிவார்கள். கைத்தொழிலுக்குப் பட்டா இல்லாதவளும் அதே பாடுதான் படுகிறாள்.

நம் நாட்டில் உள்ள வழிகள்

ஜெர்மனியின் மைஸ்டர் பட்டயத்துக்கு முழுதும் நிகரான ஒன்று நம் நாட்டில் இல்லை. ஆயினும் படிகள் இல்லாமல் இல்லை. அவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதல் வழி, பள்ளிப் படிப்பை முடித்த பெண்களுக்கானது. தொழிற்பயிற்சி நிலையங்களில் பல தொழிற்பிரிவுகள் உள்ளன. தேறியவருக்குத் தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியபோது, கல்லூரிப் படிப்புடன் தொழிற்பயிற்சிப் படிப்பும் அதில் சேர்க்கப்பட்டது. இதைப் பல பெற்றோர் அறியார். சென்னை கிண்டியில் மத்தியக் காலணிப் பயிற்சி நிலையமும், அடையாற்றில் 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் இத்துறைக்கென்றே உள்ளவை.

இரண்டாவது, ஆலையிலேயே பயிலுநராகச் சேர்வது. 1961-ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டப்படி ஒப்பந்தம் செய்து, உதவித்தொகையுடன் பழகித் தேர்வெழுதலாம். ஜெர்மானிய முறைக்கு நம்மிடம் மிக நெருக்கமானது இதுவே. ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் பெற்றோர் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். பதிவில்லாத பயிற்சி வெறும் குறைந்த கூலி வேலையே.

மூன்றாவது, ஏற்கனவே வேலை தெரிந்தவர்களுக்கானது. மேலே கூறிய அம்மையார் போன்றோருக்கு இதுவே முக்கியம். முன்னரே கற்ற திறனைச் சோதித்து அங்கீகரிக்கும் முறை, பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் 2015-ஆம் ஆண்டு முதல் இடம் பெற்றது. மீண்டும் ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டியதில்லை. சிறு விளக்கப் பயிற்சிக்குப் பின் செய்து காட்டித் தேர்வு பெறலாம். இத்தகைய சோதனைகள் தனி முகாம்களாகவும் ஆலைகளிலேயேயும் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. தோல் துறைக்கான தகுதி வரையறைகளை 2012-ஆம் ஆண்டில் அமைந்த தோல் துறைத் திறன் குழு வகுத்து வருகிறது. இதைவிட மதிப்புடையது அகில இந்தியத் தொழிற்தேர்வு. அனுபவமுள்ள தொழிலாளர் தனித்தேர்வராக விண்ணப்பிப்பதற்கான அறிவிப்பை மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை வெளியிடுவதுண்டு. அந்த அறிவிப்பு வரும் சமயத்தில் விழிப்புடன் இருக்க வேண்டும்.

நான்காவது, கற்பிக்கும் தகுதி. தொழிற் சான்றிதழ் பெற்றவர் ஓர் ஆண்டுப் போதனாசிரியர் பயிற்சி பெற்றுப் பயிற்றுநர் ஆகலாம். ஜெர்மானிய ஆசான் தேர்வின் நான்காம் பகுதிக்கு நம்மிடம் உள்ள இணை இது. நம் பெண்களில் இந்தப் படிவரை ஏறியவர் சிலரே. இங்கே ஏறுகிறவர் மேலும் நூறு பெண்களை ஏற்றிவிடுவார்.

ஒரு செய்தியை ஒளிவின்றிக் கூற வேண்டும். சான்றிதழ் கையில் வந்த மறுநாளே கூலி உயர்ந்துவிடும் என்று யாரும் வாக்களிக்கக் கூடாது. ஜெர்மனியில் பட்டயத்துக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. நம்மிடம் அவ்வளவு வலு இன்னும் இல்லை. ஆனால் சான்றிதழ் உடையவர் வேறிடம் சென்றால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பேசுவதற்கு ஓர் ஆதாரம் உண்டு. குழுவாகச் சேர்ந்து சொந்தமாகத் தொழில் நடத்தவும், கடன் கேட்கவும், அடுத்த படிப்புக்குச் செல்லவும் அதுவே வாயில்.

பஞ்சாயத்துச் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒரு கணக்கு எடுக்க வேண்டும். கிராமத்தில் தோல் வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர், என்ன வேலை, எத்தனை ஆண்டு, எது வரை படிப்பு, என்ன சான்று என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் போதும். காலணி மேல்பாகத்தை வீட்டுக்கு எடுத்து வந்து கையால் தைக்கும் பெண்களை மறந்துவிடக் கூடாது. அவர்கள் பெயர் எந்த ஆலை ஏட்டிலும் இருப்பதில்லை. காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று மாநில அரசின் நல வாரியம் ஒன்று உண்டு. அதில் அவர்களைப் பதிவு செய்ய உதவினால், அவர்கள் தொழிலாளர் என்பதற்கு முதல் ஆதாரம் கிடைக்கும்.

இரண்டாவதாக, ஆண்டுதோறும் நடக்கும் ஆறு கிராம சபைகளில் மே 1-ஆம் நாள் சபை தொழிலாளர் தினத்தன்று கூடுகிறது. அன்று இப்பொருளை விவாதித்து, திறன் சோதனை முகாம் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு அனுப்பலாம். ஒரு பெண் கேட்டால் விண்ணப்பம். ஐம்பது பெண்களின் பட்டியலுடன் பஞ்சாயத்துக் கேட்டால் அது ஊரின் கோரிக்கை.

மூன்றாவதாக, நாளும் நேரமும் பார்க்க வேண்டும். வாரம் ஆறு நாள் ஆலைக்குச் செல்கிறவளுக்குத் திங்கட்கிழமை காலை முகாம் வைத்தால் அவள் எப்படி வருவாள்? ஞாயிற்றுக்கிழமையில், ஊர்ப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ நடத்தும்படி கேட்க வேண்டும். அன்று குழந்தைகளைப் பார்த்துக் கொள்ள மகளிர் சுய உதவிக் குழுவினர் முன்வந்தால் பேருதவியாகும்.

நான்காவதாக, தவறான ஆசை காட்டுகிறவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். பணம் கொடுத்தால் சான்றிதழ் என்று கூறுவோர் எங்கும் உண்டு. சோதனையின்றி வரும் தாளுக்கு மதிப்பில்லை. எந்த நிறுவனம், எந்தத் தொழிற்பிரிவு, யார் சோதிக்கிறார் என்று கேட்டபின்பே பெயர் கொடுக்க வேண்டும்.

இவை யாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி நம்மிடம் கேட்கப்படுவதுண்டு. "இன்னொரு வீட்டுக்குப் போகப் போகிறவளுக்குச் சான்றிதழ் எதற்கு?" என்று தகப்பனார் சிலர் கேட்கின்றனர். நகையை மகளோடு அனுப்புகிறோம்; அது அடகுக் கடைக்கும் போகலாம். கைத்தொழிலும் அதற்குரிய ஆதாரமும் அவளை விட்டு எங்கும் போகா. கணவன் ஊருக்குச் சென்றாலும், தொழிற்சாலை மாறினாலும், துன்பம் வந்தாலும் அவை உடன் வரும்.

அந்த அம்மையாரின் பெயர் இப்போது அவ்வூர்ப் பஞ்சாயத்தின் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது. அவருக்குக் கீழே மேலும் 40 பெண்களின் பெயர்கள் உள்ளன. பலர் தாமாகவே வந்து எழுதச் சொன்னவர்கள். வேலை என்ற கட்டத்தில் ஒருவர் முதலில் "உதவியாள்" என்று எழுதச் சொன்னாராம். பக்கத்தில் நின்ற அம்மையார் குறுக்கிட்டு, "உதவியாள் என்று போடாதீர்கள், தையல் என்று போடுங்கள்" என்றாராம். மாற்றம் அங்கேயே தொடங்கிவிட்டது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் கிராமங்களிலும் அவ்வாறொரு பட்டியலை அடுத்த கிராம சபைக்குள் எழுதி முடிப்பார்களாக.